புதன்கிழமை முப்பத்தொரு பேர்

சனிக்கிழமை காலை கண்ணாயி வந்தபோது குழந்தைவேல் வாசலில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக விடாத மழை. துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை. கொல்லிமலையில் மழையைத் திட்டுவது வீண் வேலை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் காலையில் ஒரு தடவை திட்டிவிட்டால் அவருக்கு மனம் லேசாகும்.

கண்ணாயி தலையில் போட்டிருந்த சாக்கைக்கூட எடுக்கவில்லை. "ஏனுங்க, எங்கப்பனக் கண்டுபுடிச்சுக் குடுங்க. உசுரோட இருந்தாலும் சரி, இல்லீனாலும் சரி. எங்க இருக்காருன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

குழந்தைவேலைத் துப்பறிவாளர் என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். காவல் நிலையத்தில் இருபத்தாறு வருடம் ரைட்டராக இருந்தவர். திருடனைத் துரத்தி ஓடிய கால்கள் அல்ல அவருடையவை. மேசையில் உட்கார்ந்து புகார் எழுதி, வாக்குமூலம் எழுதி, அதில் எது மெய், எது ஒப்புக்கு எழுதியது என்று கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மலை ஜனங்கள் விடவில்லை. பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் தனபாலும் விடவில்லை. ஊரார் வழக்கு எது வந்தாலும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான். அன்றைக்கும் நின்றான்.

கண்ணாயி சொன்னது இதுதான். அவளுடைய அப்பா சென்றாயனுக்கு எழுபத்தொரு வயது. புதன்கிழமை மூன்று மணிக்குத் துணிப்பையோடு கல்லாத்துப்பட்டி நூலகத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை காலை போலீஸ்காரர்கள் நூலகத்தில் போய்ப் பார்த்தார்கள். வாசகர் பதிவேட்டில் புதன்கிழமைப் பக்கத்தில் சென்றாயனின் கையெழுத்து இருந்தது. அதற்கு நேர் கீழே குப்புசாமியின் கையெழுத்து. இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குப்புசாமியைக் கேட்டால், புதன்கிழமை நான் ஊட்டை விட்டே வெளியே வரவில்லை என்று சாதித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு இல்லை என்கிறவனை எந்தப் போலீஸ் நம்பும்? அன்றைக்கே அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். நூலகத்துக்குக் கிழக்கே, சென்றாயன் வீடு இருக்கும் எடப்புளி நாட்டு வழி நெடுக இரண்டு நாளாகத் தேடிவிட்டார்கள். குப்புசாமியின் மரவள்ளிக் காட்டில் இரண்டு இடத்தில் தோண்டியும் பார்த்தாயிற்று.

"குப்புசாமி செஞ்சிருப்பார்னு நீ நெனைக்கிறயா அம்மிணி?"

"தெரியலீங்க. பேச மாட்டாரு. ஆனா நோம்பிக்குக் கெடா வெட்டுனா எங்க ஊட்டுக்குப் பங்கு அனுப்பாம இருந்ததில்லீங்க."

"பையில என்ன வச்சிருந்தாரு?"

"லைப்ரரி பொஸ்தகமுங்க. அன்னிக்குத் திருப்பிக் குடுக்கோணும்னு நின்னாரு. மழை ஊத்துது, நாளைக்குப் போலாமப்பான்னு சொன்னேன். அடுத்த ஆளு அதுக்காகக் காத்திருந்தா என்ன பண்றதுன்னு எம்மேல எரிஞ்சு விழுந்தாருங்க. நாப்பது வயசுக்கு மேலதான் எழுத்தே படிச்சாரு. பொஸ்தகம்னா அவருக்குச் சாமி மாதிரி."

தனபால் ஜீப்பைக் கிளப்பியபடியே, "குப்புசாமிதாங்கய்யா. எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

நூலகம் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் தனியாக நிற்கிற ஓட்டுக் கட்டடம். அதைத் திறப்பது, கூட்டுவது, கிழிந்த அட்டைக்கு மைதாப் பசை தடவி ஒட்டுவது, எலிக்குப் பொறி வைப்பது, ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது எல்லாமே நூலகர் பானுமதி ஒருத்திதான். பதினொரு வருடமாக இந்த மலையில் வேலை. கணவர் பக்கவாதத்தில் விழுந்து அடிவாரத்தில் பேளுக்குறிச்சி வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார். நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். பானுமதி நூலகத்துக்கு மேற்கே ஓடைமேட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அதனால் வியாழன் மாலை இறங்குவாள், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

கண்ணாயி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"புதன்கிழமை சென்றாயன் வந்தாருங்களாம்மா?"

"வந்தாருங்க. நாலரை மணி இருக்கும். எப்பவும் போலப் பேப்பர் படிச்சுட்டுப் போயிட்டாரு."

"குப்புசாமி?"

பானுமதி மேசைமேல் இருந்த மை ஒற்றியைப் பார்த்தாள். "அவரும் வந்தாருங்க."

குழந்தைவேல் பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கம் ஈரத்தில் நெளிந்து, எழுத்துகள் ஊறி, ஓரமெல்லாம் விரல் அழுக்கு. வியாழக்கிழமைப் பக்கமும் அதே கோலம். இடையில் புதன்கிழமைப் பக்கம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. முப்பத்தொரு கையெழுத்துகள். தனபால் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதா பாருங்கய்யா, குப்புசாமி! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்" என்றான்.

"புதன்கிழமைப் பேப்பர் இருக்குமாம்மா?"

பானுமதி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைத் தாள்கள் கசங்கி, நடுப்பக்கம் தனியாகப் பிரிந்து கிடந்தன. புதன்கிழமைத் தாள் கட்டுப் பிரித்த மடிப்போடு அப்படியே இருந்தது. அவர் அதை விரித்தபோது ஓரத்தில் வெட்டுப்படாத இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்து அவர் மேசைமேல் இருந்த நீளமான மரத்தட்டைப் பார்த்தார். புத்தகம் எடுத்துப் போகிறவருடைய டிக்கெட்டுக்குள் அந்தப் புத்தகத்தின் பெயர் எழுதிய சிறு சீட்டைச் செருகி, திருப்பித் தரவேண்டிய தேதிக்குப் பின்னால் நிறுத்தி வைப்பார்கள். புத்தகம் வந்ததும் டிக்கெட் வாசகர் கைக்குப் போய்விடும். புதன்கிழமைத் தேதிக்குப் பின்னால் ஒரே ஒரு டிக்கெட் நின்றது. அதை எடுத்துப் பெயரைப் படித்தார். நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"கண்ணாயி, உள்ளே வா. தனபால், நீயும் உக்காரு. வாயைத் திறக்காம உக்காரு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தப் பக்கத்துல முப்பத்தொரு பேர். ஸ்கூலுக்கே லீவு விட்ட மழை அன்னிக்கு. முப்பத்தொரு பேரும் குடையும் சாக்குமா வந்து, ஒரு சொட்டு ஈரம் படாம கையெழுத்துப் போட்டிருக்காங்க. முன்னாடி நாளும் மறு நாளும் நனைஞ்ச காகிதம் அன்னிக்கு மட்டும் நனையல. வந்தவங்க முப்பத்தொரு பேர்ல ஒருத்தர்கூடப் பேப்பரைப் பிரிக்கல. சென்றாயன் படிச்சார்னு நீங்க சொல்றீங்க, அந்தத் தாளு இன்னும் ஒட்டிட்டிருக்குது."

பானுமதி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்து மேல எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது குப்புசாமி சொன்னதை வச்சு. குத்தம் செஞ்சவன், கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தா, வந்தேன், போயிட்டேன்னுதான் சொல்லுவான். ஒரு நிமிசத்துல பொய்னு தெரியறதை எவனும் சொல்ல மாட்டான். ஆனா உறுதிப்படுத்துனது சென்றாயனோட இந்த டிக்கெட். கடைசித் தேதிக்கு ஒரு நாள் தள்ளிக் குடுக்காத மனுசன், அந்தத் தேதியில, அந்தப் புத்தகத்தோட இங்க வந்து, குடுக்காமயே எடுத்துட்டுப் போனாரா? அவர் இந்தக் கட்டடத்துக்குள்ள வரவே இல்லை. யாருமே வரல. புதன்கிழமை நூலகம் திறக்கல. சரிதானுங்களா?"

பானுமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதுன்னு. லீவு ஒண்ணுகூட பாக்கி இல்லீங்க. சொல்லாம இறங்கிட்டேன். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்தேன். பக்கம் வெள்ளையா இருந்துச்சு. தினம் முப்பது பேராவது வரலீனா லைப்ரரிய எடுத்துருவாங்கன்னு பேச்சு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பேரு குறைஞ்சா நானே போட்டுக்குவேனுங்க. அன்னிக்கு எப்பவும் வர்றவங்க பேரு முழுசையும் போட்டேன். பதினொரு வருசமா அந்தக் கையெழுத்துகளப் பாக்கறேன், கண்ண மூடிட்டும் போடுவேன்."

"போலீஸ் எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"பதினொண்ணு. நான் எழுதி முடிச்சு ஒரு மணி நேரம் ஆகலீங்க. பதிவேட்டைப் பாத்துட்டு, பெரியவர் வந்தாராம்மான்னு கேட்டாங்க. ஆமான்னு வாய் சொல்லிருச்சு. எங்கயாவது ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருப்பாரு, சாயங்காலம் வந்துருவாரு, அப்புறம் எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். குப்புசாமியப் புடிச்சுட்டாங்கன்னு கேட்டப்ப..."

தனபால் வாயைத் திறக்கக் கூடாது என்றதை மறந்து, "அப்ப பெரியவர் எங்கதாங்கய்யா போனாரு?" என்றான்.

"அதைத்தான் இவங்ககிட்டக் கேக்கணும்." குழந்தைவேல் பானுமதியின் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கையில புத்தகம், கடைசி நாள், கதவு பூட்டியிருக்கு. சென்றாயன் என்ன செய்வாரு?"

"திரும்பிப் போயிருப்பாருங்க. இல்லீனா... போன ஆடியில எனக்குக் காச்சல்னு ரெண்டு நாள் திறக்கல. அப்பக்கூட ஓடைமேட்டுக்கு நடந்தே வந்து, எங்க ஊட்டுலயே..."

அவள் வாய் அப்படியே நின்றது. கண்ணாயிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மேற்குப் பக்கம் ஓட ஆரம்பித்தாள்.

ஓடைமேட்டுக்கு ஜீப் ரோடு சுற்றிப் போகிறது. ஒற்றையடிப் பாதை மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே நேராக இறங்கி ஓடையைத் தாண்டும். அந்தப் பாதையில் தினமும் நடக்கிறவள் பானுமதி மட்டும்தான். போலீசும் ஊராரும் கிழக்கே தேடிக்கொண்டிருந்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் ஒரு குருவிகூடப் போகவில்லை.

பாறையில் கால் வழுக்கிய தடம் பாதையிலிருந்து ஓடைக்குள் நான்கு ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சென்றாயன் விழுந்த இடத்தில் இல்லை. அங்கிருந்து மேலே பாதை ஓரம் வரை கையால் ஊன்றி ஊன்றி நகர்ந்து வந்திருந்தார். முறிந்த காலில் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். தலைக்கு மேலே கிளையில் வாழையிலை ஒன்றைச் செருகியிருந்தார். உடம்பு குளிர்ந்து கிடந்தது. துணிப்பை சட்டைக்குள்ளே இருந்தது. முகம் ஓடைமேட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

கண்ணாயி அழவில்லை. அப்பாவின் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிவிட்டாள்.

மறுநாள் மதியம் உடலை வாங்க ஆஸ்பத்திரிக்கு வெளியே அவர்கள் காத்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து விட்டதும் குப்புசாமி நேராக அங்கேதான் வந்திருந்தார். பாடைக்கு மூங்கிலும் கயிறும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாகக் குந்தியிருந்தார். பானுமதி ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். அவளைப் போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, உட்காரச் சொல்லவும் வரவில்லை.

டாக்டர் குழந்தைவேலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைக் கொஞ்சம் தள்ளி நின்ற பானுமதியும் கேட்டுவிட்டாள். குழந்தைவேல் திரும்பி வந்ததும் கண்ணாயி எழுந்தாள்.

"ஏனுங்க, விழுந்ததும் உசுரு போயிருக்குமுங்களா? கஷ்டப்படாமப் போயிருப்பாருங்களா?"

ஆமா கண்ணு என்று சொல்லிவிடலாம். குழந்தைவேல் தன் வாழ்நாளில் அப்படிப்பட்ட வரிகள் எத்தனையோ எழுதியவர், எழுதியதால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை என்று நம்பியவர். சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல கண்ணாயி." பானுமதி சுவரை விட்டு முன்னால் வந்தாள். "வெள்ளிக்கிழமை விடியக்காலம் வரைக்கும் இருந்திருக்காரு. வியாழக்கிழமை போலீஸ் கேட்டப்பவே நான் நெசத்தச் சொல்லியிருந்தா, அன்னிக்கு மத்தியானமே தூக்கியிருக்கலாம். அவரு பொழச்சிருப்பாரு."

தனபால் சட்டென்று இரண்டு பேருக்கும் நடுவில் வந்தான். கண்ணாயி அடித்துவிடுவாள் என்று பயந்தான். அவள் அடிக்கவில்லை. பானுமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஊட்டுல காச்சலாப் படுத்திருக்கீங்கன்னு நெனச்சிருப்பாருங்க," என்றாள். "விடிஞ்சா லைப்ரரி திறக்க இந்த வழியாத்தான் வருவீங்கன்னு அவருக்குத் தெரியுமுங்க. அதனாலதான் பாதையோரமா ஏறி வந்து உக்காந்திருக்காரு. ரெண்டு நாளும் நீங்க வருவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்திருப்பாரு."

உள்ளே இருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குப்புசாமி மூங்கிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கண்ணாயி அவரோடு உள்ளே போனாள்.