பாறைமேல் சுருள்கள்

ஓடைக்கரைப் பாறையில் கிடந்த குச்சியைச் சீவியது வெண்டெலா இல்லை.

சீவியவருக்குக் கை பழகவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஈரக்காட்டிலும் தீப்பற்ற வேண்டுமென்றால், குச்சியின் உள்மரத்தை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, சுருள்கள் உதிராமல் நுனியில் கொத்தாக நிற்கவிட வேண்டும். போன சனிக்கிழமை இதே பாறையில் உட்கார்ந்துதான் அவள் அதைப் பழகினாள். இதில் சுருள்கள் பாதியில் முறிந்து, பிய்ந்து தொங்கின.

ஏப்ரல் வெயில் காட்டுக்குள் இறங்கியிருந்தது. மரநிழல்களில் மட்டும் பனி அழுக்காக மிச்சமிருந்தது. தெற்கே போயிருந்த கொக்குகள் திரும்பிவந்து சதுப்பில் கத்திக்கொண்டிருந்தன.

நூலக வேலை போனபிறகு, வெர்ம்லாந்து மாகாணத்தின் இந்தக் கடைக்கோடி ஊரில் மலிவாக வீடு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். அன்றிலிருந்து அவள் போட்ட காபியை வேறு யாரும் குடித்ததில்லை. வாரக்கடைசியைக் கடத்தத்தான் கத்தியும் கயிறுமாக வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுக்கு வரத் தொடங்கினாள். அதனால் அந்தக் கோணல் குச்சியைக் கண்டு பயம் வரவில்லை. யாரோ தன்னைக் கவனித்திருக்கிறார்கள் என்பது இதமாகவே இருந்தது. நிதானமாக நல்ல குச்சி ஒன்றைச் சீவிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், அச்சு அசலாக அதேபோல் ஒன்று அங்கே காத்திருந்தது.

"இந்த ஊர்ப் பசங்க யாராவது காட்டுப் பக்கம் சுத்துறாங்களா?" என்று வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு ஸ்தூரெயிடம் கேட்டாள்.

"பசங்களா? இங்க கடைசியாப் பொறந்த பையனே நான்தான்," என்றார் அந்தக் கிழவர். "கரடியா இருக்கும். நல்லா சொல்லிக் கொடு, எனக்கும் நாலு விறகு பிளந்து போடட்டும்."

சொல்லிக் கொடுத்தாள். கிளைக்குக் கிளை கயிறு கட்டி முடிச்சுப் போட்டுக் காட்டினாள். புல்லைத் திரித்த கயிற்றில் பதில் முடிச்சு வந்தது. மரங்களைப் பார்த்து வாய்விட்டுப் பேசவும் தொடங்கியிருந்தாள். "இதப் பாரு, இப்படிச் சுத்தி உள்ள விடணும்." பிறகு ஒருநாள் ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை அடுக்கிப் படுக்கை போட்டு, அதன்மேல் கண்மூடிக் கிடந்தாள். நெடுநாளைக்குப்பின், பக்கத்தில் ஆளிருக்கும் நிம்மதியோடு.

மே மாதம் பிறந்தபோது, அவள் படுக்கையை ஒட்டி இன்னொரு படுக்கை இருந்தது.

தலைமாட்டில் பாசிகூட வைத்திருந்தது. நடுவில், படுத்தெழுந்த பள்ளம். அவளைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். மரப்பிசின் வாசனைக்கு அடியில் வேறொரு நெடி, ஈரக் கம்பளியை வருடக்கணக்கில் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல. கையை வைத்துப் பார்த்தாள்.

சூடு.

கொக்குகள் எப்போது அடங்கினவென்று தெரியவில்லை. பாறையிலிருந்த குச்சியை எடுத்து வெயிலில் திருப்பினாள். கத்தி பட்ட மரம் வழவழப்பாக இருக்கும். இதில் ஒவ்வொரு சுருளின் அடியிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஜோடி ஜோடியாக.

பல்.

சரக்.

மரங்களுக்குப் பின்னால். சரக், சரக். பிறகு ஒரு நிறுத்தம், சுருளை ஊதிவிடும் மூச்சு. அவள் சீவும் விதம் அது. அவள் மூச்சு.

பின்வாங்கினாள். சத்தம் நின்றது.

"இதப்... பா... ரு," என்றது அவள் குரல்.

ஓடினாள். பை விழுந்தது. கத்தி விழுந்தது. சேறு. வேர். முகத்தில் கிளை. திரும்பிப் பார்க்கவில்லை. வேலி. கூரை. பட்டப்பகல்.

ஸ்தூரெ உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அவள் வீட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீ எப்ப வெளிய வந்தே?"

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் ஜன்னல்ல நின்னு கையாட்டிட்டு இருந்தியே. நானும் ஒரு தடவை ஆட்டினேன். நீ விடவே இல்ல."

வெண்டெலா திரும்பினாள்.

சமையலறை ஜன்னலில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு நின்றது. தோள்வரைதான் தெரிந்தது. தலை ஜன்னலின் மேற்சட்டத்துக்கும் மேலே எங்கோ இருந்தது. ஒரு கை உயர்ந்தது. விரல்கள் கண்ணாடியின் உச்சியைத் தொட்டன. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து ஆடியது. நின்றது. யோசித்தது.

மறுபடி ஆட்டிப் பார்த்தது. இந்தத் தடவை ஏறக்குறையச் சரியாக வந்தது.