நாற்பது இருட்டுப் படங்கள்

எரிந்துபோன தையல் தொழிற்சாலைக்குள் நுழைய அவளுக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். கூட வந்த மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கே சரக்கு அறையில்தான் அவள் அக்கா புகையில் மூச்சுத் திணறிச் செத்தாள். "உள்பக்கம் தாழ் போட்டுட்டுத் தூங்கிட்டா, நாங்க என்ன பண்றது?" என்று விசாரணையில் நாக்கூசாமல் சொன்னவர் இந்த மேனேஜர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்.

சரக்கு அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் ஓர் ஆணித்துளைகூட இல்லை.

கல்யாணங்களில் பத்து வருடம் படம் எடுத்த கை அவளுடையது. கதவின் இரண்டு பக்கத்தையும் நாற்பது படம் எடுத்தாள். கேமராத் திரையில் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. மறுநாள் கட்டடத்தை இடித்துவிடுவார்கள். பிறகு இந்தப் படங்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

எல்லாம் இருட்டு.

"வெயில்ல தெரியணும்னு கேமரா ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுசா ஏத்தி வச்சிருந்தேன் அத்தான். அதை நம்பி எடுத்துத் தொலைச்சிட்டேன்!" மேசையில் ஓங்கிக் குத்தினாள். அக்காவின் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். போன வாரக் கல்யாணப் படங்களைத் திறந்தாள். அவை நன்றாகவே இருந்தன. கதவுப் படங்கள் மட்டும் திறந்த கணம் வெளிச்சமாக வந்து, கண் சிமிட்டுவதற்குள் கறுத்தன.

"முதல்ல வர்றது கேமரா பண்ணி வச்ச குட்டிப் படம். அப்புறம்தான் நிஜப் படம் வரும்," என்றாள்.

"அப்போ இருட்டுதான் நிஜமா?" என்றார் அத்தான்.

அவள் படத்தின் வெளிச்சத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள்.

இருட்டு நகர்ந்தது.

கதவின் அடியிலிருந்து சுருள் சுருளாக மேலே ஏறியது. அறையில் கருகிய துணியின் வாடை வந்தது.

"புகை," என்று அத்தான் கிசுகிசுத்தார்.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. சாட்சிக்கு உதவாத படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்பதையும் மேனேஜருக்கே அனுப்பினாள். 'நீ செஞ்சத நீயே பாரு' என்று ஒரு வரியும் எழுதினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"ஏம்மா, என்ன அனுப்பின? திறந்ததும் என் ரூமே இருட்டாயிடுச்சு..." மேனேஜர் இருமினார். "கதவு திறக்க மாட்டேங்குது. வெளிய யாரோ தாழ் போட்டுட்டாங்க. இந்தக் கதவுக்கு வெளிய தாழ்ப்பாளே கிடையாதும்மா!"

மணி மூன்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அவள் எதிரே திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நாற்பதிலும் தாழ்ப்பாள் துல்லியமாகத் தெரிந்தது.

"ஆள் அனுப்பும்மா! மூச்சு முட்டுது!"

"உள்பக்கம்தான் தாழ் போட்டிருப்பீங்க சார்," என்றாள் அவள். "நீங்களே திறந்துக்கோங்க."

இருமல் நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

அதற்கப்புறமும் போனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் போனை வாங்கிக் காதில் வைத்தார். தினமும் பக்கத்தில் கேட்டுத் தூங்கிய மூச்சு அது.

"சொல்லு," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.