வெளியே அனுப்பிய ஒன்பது பேர்

வெளியே அனுப்பிய ஒன்பது பேரும் போகவில்லை.

கோட்டை வாசலைத் தாண்டி, அகழிப் பாலத்தைக் கடந்து, கணினித் திரையின் ஓரத்தில் இருக்கும் கறுப்பில் கரைந்துவிடுவார்கள் என்றுதான் ஏலவார்குழலி நினைத்திருந்தாள். கறுப்பு வரைக்கும் போனார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் திரும்பி, வந்த வழியே நடந்து, சாத்திய கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

குழலி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து ஐப்பசி அது. நாலு நாளாக விடாத மழையில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி, தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. அவள் புருஷன் குமரனுக்கும் தறி ஓடவில்லை. ஐந்து வயது மகள் துர்காவைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காலையிலேயே போயிருந்தான். சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் குழலி மட்டும்தான்.

முன்னறையில் கணினி வைத்துச் சேலை பார்டர்களுக்கு டிசைன் போட்டுத் தருவது அவள் தொழில். அன்னமோ யாளியோ, கட்டம் கட்டமாக எண்ணி நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் அன்னத்துக்கு அலகு கோணிவிடும். அதே கணினியில் ஓய்ந்த நேரத்தில் கேம் ஆடிப் பழகியவள், ஒருமுறை சென்னையிலிருந்து வரும் கணினி மாத இதழுக்கு ஒரு விளையாட்டைத் திட்டி நீளமாகக் கடிதம் எழுதினாள். ஆசிரியர் பூவராகவன் அதை அப்படியே அச்சிட்டுவிட்டு, "மாசா மாசம் எழுதும்மா" என்று போன் செய்தார். மூன்று வருடமாக 'முதல் பார்வை' என்ற பக்கம் அவளுடையது.

இந்த மாதம் வந்தது, சென்னையில் நாலு பையன்கள் சேர்ந்து செய்த ஒரு சரித்திர விளையாட்டின் டெமோ. பல்லவர் காலத்துக் காஞ்சி. சுற்றிலும் எதிரிப் படை. மதிலுக்குள் நாற்பத்தோரு பேர். களஞ்சியத்தில் இருக்கும் தானியத்தை வைத்துக்கொண்டு ஏழு நாள் தாக்குப்பிடித்தால் வெற்றி. பொம்மையைத் தொட்டால் பெயரும் வயதும் வரும். பக்கத்தில் பசியைக் காட்டும் பச்சைக் கோடு.

மூன்றாம் நாளே தானியம் பாதியாகிவிட்டது. ஓரத்தில் 'வெளியேற்று' என்று ஒரு பொத்தான் இருந்தது. மௌஸின் அம்புக்குறியை அதன்மேல் வைத்தபோது ஒரு வரி வந்தது: உழைக்க முடியாதவரை வெளியேற்றினால் தானியம் மிச்சமாகும்.

குழலி யோசிக்கவில்லை. கிழவர்கள் நாலு பேர், கிழவிகள் இரண்டு பேர், காலில் காயம்பட்ட ஒருத்தன், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒன்பது முறை அமுக்கினாள். அமுக்கும்போதெல்லாம் அந்தப் பொம்மை சின்னதாய்த் தலையை ஆட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'துணிச்சலான அம்சம். ஆடுகிறவரைக் கஷ்டமான முடிவு எடுக்கவைக்கிறது.'

இப்போது அந்த ஒன்பது பேரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முட்டியால் தட்டும் சத்தம் இல்லை அது. விரித்த உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். ஈரக் கை. ஸ்பீக்கரில், போர் முரசுக்கும் குதிரைக் குளம்படிக்கும் அடியில், சப் சப்பென்று மெதுவாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நாள் முழுக்கத் தட்டினார்கள். ஐந்தாம் நாள் அவர்களுடைய பசிக்கோடு சிவப்பாகி, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போனது. கோடு தீர்ந்தால் பொம்மை விழுந்துவிட வேண்டும். விழவில்லை.

கதவைத் திறந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மௌஸ்மேல் கை இருந்தது. ஆனால் உள்ளே தானியம் இரண்டு நாளுக்குத்தான் வரும். ஒன்பது வாய் உள்ளே வந்தால் ஏழாம் நாளைப் பார்க்கவே முடியாது. நாளைக்குக் கட்டுரை போக வேண்டும். கையை எடுத்துக்கொண்டாள்.

கதவருகே இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்த மாதிரி விளையாட்டில் ஒரு ஆளுக்கு எட்டுத் திசைக்கு எட்டுப் படம் வரைந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நாலு மூலை. அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு படத்தை யாரும் வரைவதில்லை. மேலே பார்க்க அங்கே ஒன்றும் கிடையாதே.

ஒன்பது முகமும் அண்ணாந்திருந்தன. கதவைத் தட்டிக்கொண்டே, கதவைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரையில் எழுத்து ஓடியது. ஏழாம் நாள். கோட்டை காப்பாற்றப்பட்டது. உயிர் பிழைத்தோர் முப்பத்திரண்டு. முரசு நின்றது. குதிரைகள் நின்றன. தட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. குழலி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பூவராகவனுக்குப் போன் போட்டாள். மனிதக் குரல் ஒன்று கேட்டால் போதும் என்றிருந்தது.

"சொல்லும்மா. கட்டுரை ரெடியா?"

"எழுதிக்கினுதான் இருக்கேன் சார். ஒரு சந்தேகம். வெளியேத்தின ஆளுங்க போவாம கதவாண்டயே வந்து நிக்கிறாங்க. அப்படித்தான் செஞ்சிருக்காங்களா, இல்ல எதுனா கோளாறா?"

"யாரை வெளியேத்தின?"

"வயசானவங்க, கொழந்தைங்க... அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்குதே சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "அந்த பட்டன் டெமோவுல வேலை செய்யாதேம்மா. பசங்க லெட்டர்லயே எழுதியிருக்காங்க. படம் மட்டும்தான் வச்சிருக்கோம், முழு கேம்லதான் அது வரும்னு. நானும் அமுக்கிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை."

"சார், நான் ஒம்போது பேர..."

"இரும்மா. முதல்ல போய்க் கதவைத் திற. யாரோ ரொம்ப நேரமா தட்டிக்கிட்டே இருக்காங்களே, எனக்கே இங்க கேக்குது. அப்புறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

கரண்ட் போனது அப்போதுதான். யு.பி.எஸ். விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது. திரையில் இன்னும் அந்த முகங்கள். அவசரமாகக் கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள். அறை அப்படியே இருளில் அமிழ்ந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை. மழை மேகம் வெளிச்சத்தை முன்னதாகவே தின்றுவிட்டிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். ஈரப் பட்டின் புழுங்கல் வாடை. அந்த வாடைக்குள் இன்னொன்று, நாள்பட்ட பட்டினியில் வாயிலிருந்து வருமே, புளித்த, இரும்புத் துரு மாதிரி ஒரு வாடை.

சப். சப்.

கொல்லைக் கதவில்.

டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போனாள். கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேலே, ஆள் உயரத்தில் ஒரு கை தட்டியது. கீழே, அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சின்னக் கை ஒன்று தட்டியது.

"யாரு?"

சத்தம் நின்றது. பிறகு நகர்ந்தது. கதவிலிருந்து சுவருக்கு. உள்ளங்கைகள் சுவரைத் தடவித் தட்டிக்கொண்டே முன்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. குழலி டார்ச் ஒளியைச் சுவரில் வைத்தபடி கூடவே நடந்தாள். சமையலறையைக் கடந்தது. கூடத்தைக் கடந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் சந்து கிடையாது. அடுத்த வீட்டுச் சுவர் அதோடு ஒட்டியே எழுப்பப்பட்டது. ஒரு ஆள் நடக்க அங்கே இடமே இல்லை.

முன்னறைச் சுவர். ஜன்னல். வாசல் கதவு.

நின்றது.

மழை மட்டும் கேட்டது. பிறகு, முட்டியால், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அவசரத்தோடு, கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"குழலி! தொறம்மா. நனைஞ்சிக்கினு நிக்கிறோம்."

குமரன். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க... உங்க கூட யாரு?"

"யாரா? பாப்பாதான். தோள்மேல இருக்கா. ஏன், என்னா ஆச்சு?"

"வேற யாரும் இல்லியே?"

"இந்த மழையில வேற யாரு வருவாங்க? தொற, கொழந்தைக்கு ஒடம்பு நடுங்குது."

அப்போது துர்காவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், சாதாரணமாக. "அம்மா, நெறைய பேரு இருக்காங்கம்மா."

"சும்மா இரு பாப்பா."

"இருக்காங்கப்பா. இந்தத் தாத்தா, இந்த அண்ணன், கால்ல கட்டு போட்ட மாமா. பஸ்ஸுலருந்து நம்ம கூடவேதான் வந்தாங்க."

திறக்காதே என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. திறக்காவிட்டால் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் வெளியே அவளுடைய குழந்தை இருந்தது, மழையில், அவர்களோடு. சாத்திய கதவுக்கு முன்னால்.

"அம்மா, குளுருது."

குழலி தாழ்ப்பாளை நீக்கினாள்.

குமரன் தலையைக் குனிந்து சட்டென்று உள்ளே நுழைந்தான். முதுகிலும் தலையிலும் தண்ணீர் சொட்டியது. தோளிலிருந்து துர்காவை இறக்கி விட்டான். கதவுக்கு வெளியே தெரு வெறுமையாக இருந்தது. குழலி கதவை மூடத் தள்ளினாள். மூடவில்லை. மெத்தென்று ஏதோ தடுத்தது. அவள் கையை உரசிக்கொண்டு ஈரமான ஒன்று உள்ளே போனது. பிறகு இன்னொன்று. இடுப்பளவு உயரத்தில் ஒன்று. தாங்கித் தாங்கி ஒன்று. கட்டம் எண்ணியே பழகிய மனசு அவளைக் கேட்காமலே எண்ணியது. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஏன் இப்படி நிக்கிற? பேயறைஞ்ச மாதிரி," என்றான் குமரன், துண்டைத் தேடிக்கொண்டே. "துவட்டிக்க எதுனா குடு."

அவள் வாய் திறக்கும் முன்பே சமையலறையில் தகர மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அரிசி டிரம்மின் மூடி.

பிறகு அந்தச் சத்தம். நறநறவென்று. பச்சரிசியைப் பல்லால் அரைக்கும் சத்தம். ஒரு வாய் இல்லை. பல வாய். அள்ளும் சத்தம், அரைக்கும் சத்தம், தொண்டையில் சிக்கியதை விழுங்கும் சத்தம். யாரும் பேசவில்லை.

"என்னா அது? எலியா?" குமரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். எலி இல்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

குழலி டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். இன்னொரு கையால் பக்கத்தில் துழாவினாள். காற்றுதான் அகப்பட்டது.

"பாப்பா எங்க?"

"இங்கதானே எறக்கி விட்டேன்..."

டிரம்மின் அடியை நகங்கள் சுரண்டின. கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன. அரைக்கும் சத்தமும், ஒவ்வொரு வாயாக, நின்றது.

"அம்மா." சமையலறையிலிருந்து துர்காவின் குரல். "அரிசி தீந்துடுச்சும்மா."

குழலி டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

"இவங்களுக்கு இன்னும் பசிக்குதாம்."

டார்ச் ஒளி முதலில் கவிழ்ந்து கிடந்த டிரம்மின் மேல் விழுந்தது. பிறகு ஈரத் தரை. பிறகு குழந்தை. துர்கா அம்மாவையும் அப்பாவையும் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. ஆனால் அவளுடைய வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அதன் ஐந்து விரலும் ஒன்றோடொன்று அழுந்தி வெளுத்திருந்தன. யாரோ இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி.

அந்தச் சின்னக் கை, மெல்ல மெல்ல, ஒரு வாயின் உயரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.