பகலில் கடித்தவள்

செல்போன் அலறியது!

சுகாதார ஆய்வாளர் எடுத்தார். மறுமுனையில் அவருடைய அக்கா.

"டேய்... பாப்பாவுக்கு பிளேட்லெட் இன்னும் இறங்கிருச்சாம்டா! டாக்டர் முகமே சரியில்ல..."

"பயப்படாதக்கா. டெங்கு கொசு எங்கேருந்து வருதுன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சிடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன!"

லைன் கட்டானது.

எதிர் நாற்காலியில் டயர் கடைக்காரர். முதல் சந்தேக நபர்!

"உண்மையைச் சொல்லுய்யா. பழைய டயர்ல தண்ணி தேங்க விட்டு கொசு வளர்க்கறது நீதானே?"

"வளர்க்கறதுக்கு அது என்ன கோழியா சார்? இருந்த டயரையெல்லாம் நீங்கதான் லாரியில அள்ளிட்டுப் போனீங்களே! கடை இப்ப என் தலை மாதிரி இருக்கு... ஒண்ணுமே இல்ல!"

வழுக்கை மின்னியது.

ஆய்வாளர் மேஜையைக் குத்தினார். தெருத்தெருவாகப் புகை அடித்தாயிற்று. தொட்டி தொட்டியாக மருந்து ஊற்றியாயிற்று. பூந்தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி வீடு வீடாகத் திட்டு வாங்கியாயிற்று.

காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை!

சுவரில் ஊர் வரைபடம். நோயாளிகளின் வீடுகளில் சிவப்புக் குண்டூசிகள். திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன.

"யார் யாருக்கு சார் காய்ச்சல்?" கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஜெராக்ஸ் கடைப் பொண்ணு, டீ மாஸ்டர், பேங்க் வாட்ச்மேன், என் அக்கா மக. ஆளுக்கொரு ஏரியா. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே..."

குரல் பாதியில் நின்றது.

இந்தக் கொசு கடிப்பது பகலில். அவர் குண்டூசி குத்தியதோ... அவர்கள் இரவில் தூங்கும் வீடுகளில்!

ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்தார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. வாசலில் டீக்கடை. எதிரே பேங்க்!

அக்காவை அழைத்தார்.

"பாப்பா பகல்ல எங்கக்கா இருப்பா?"

"மறந்துட்டியா? வீட்ல ஒரே சத்தம்னு, உன் ஆபீஸ் பின்வராந்தாவுலதானேடா உக்காந்து படிச்சா!"

ஓடினார். கடைக்காரரும் பின்னாலேயே ஓடினார்.

ஆபீஸின் பின்புறம்... பறிமுதல் செய்த டயர்கள் மலையாய்க் குவிந்திருந்தன! மேலே அவரே மாட்டிய பலகை.

'வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது.'

யாரும் தொடவில்லை.

மழை மட்டும் தொட்டிருந்தது!

குனிந்தார். டயருக்குள் கறுப்புத் தண்ணீர். அதில் கொசுப் புழுக்கள்... ஆயிரக்கணக்கில் நெளிந்தன!

"கவுத்துக் கொட்டுய்யா எல்லாத்தையும்!"

"தொடக்கூடாதுன்னு போர்டு இருக்கே சார்?"

"யோவ்..!"

இருவரும் டயர்களைப் புரட்டத் தொடங்கினார்கள். மறுபடி போன். ஈரக் கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"டேய்! இப்பதான் நர்ஸ் வந்து சொன்னாங்க... பிளேட்லெட் ஏற ஆரம்பிச்சிருச்சாம்! பொழைச்சுக்குவாடா!"

ஆய்வாளர் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரி, கண்டுபிடிச்சியா? என் பொண்ணை இந்தப் பாடு படுத்தின பாவி யாருடா?"

ஆய்வாளர் தான் மாட்டிய பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

கடைக்காரர் காதோரம் குனிந்தார்.

"சொல்லுங்க சார்... வெளி ஆள் யாருமில்ல, சொந்தத் தாய்மாமன்தான்னு!"