டோக்கன் வராத வீடு

காக்ஸ் டவுனில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த வக்கீல் பிரிஸில்லாவின் அலுவலகத்துக்குச் சங்கமித்ரா தன் மகன் உமேஷோடு வந்து உட்கார்ந்தபோது, அவளுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. மறுநாள் கோர்ட்டில் முதல் வாய்தா. கள்ள ஓட்டு வழக்கு நிலைத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் மர்பி டவுனில் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

"நடந்ததைச் சொல்லுங்கக்கா" என்றாள் பிரிஸில்லா.

"ஓட்டுப் போடப் போனேன் மேடம். விரல்ல பிளாஸ்டர் இருந்துச்சு. ஆபீசர் பிரிச்சுப் பார்த்தாரு. உள்ள மை. வேற பூத்துல வேற பேர்ல போட்டுட்டு மறைச்சுக்கிட்டு வந்திருக்கேன்னாங்க. இல்லவே இல்லன்னு கத்தினேன். போலீஸ்காரர் கன்னடத்துல 'நடீரி ஸ்டேஷன்கே', ஸ்டேஷனுக்கு நடன்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

குமாஸ்தா விக்கிக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. ஆனாலும் துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். "பிளாஸ்டர் எதுக்கு ஒட்டினீங்க? அங்கதான இடிக்குது!" என்று துள்ளினான்.

"முந்தின நாள் தெருமுனையில ஃப்ரீ சுகர் டெஸ்ட் கேம்ப். ஊசி குத்தி, மருந்துன்னு ஏதோ தடவி, ஒட்டி விட்டாங்க. நாளைக்கு ராத்திரிக்குள்ள பிரிச்சா செப்டிக் ஆயிடும்னாங்க."

"எந்த விரல்?" என்றாள் பிரிஸில்லா.

"இடது கை ஆள்காட்டி விரல். நான் மோதிர விரலைத்தான் நீட்டினேன். எங்க ஆஸ்பத்திரி சிஸ்டருங்க அதுலதான் குத்துவாங்க, வேலை செய்யற விரலை விட்டுடுவாங்க. கேம்ப்காரங்க கேக்கல. எல்லாருக்கும் இதுதான்னு பிடிச்சு இழுத்தாங்க."

"குத்தினது எங்கே? மருந்து தடவினது எங்கே?"

"குத்தினது நுனியில, கீழ்ப்பக்கம். தடவினது நகத்து மேல."

"அடப்பாவிங்களா!" விக்கி எழுந்தே விட்டான். "காயம் கீழே, மருந்து மேலேயா! அதுதான் மை!"

"உட்காருங்க விக்கி. மத்தவங்க என்ன ஆனாங்கக்கா?"

"பூத்துல திருப்பி அனுப்பிட்டாங்க மேடம். கேஸுக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கல. எங்க தெருவே ஒரே சின்னத்துக்குப் போடற தெரு."

"உங்களைக் கேம்புக்கு யார் கூப்பிட்டது?"

"வீட்டுக்கு வீடு டோக்கன் வந்துச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் வரல. விட்டுப்போச்சு போலன்னு நானே போய் நின்னேன்." அவள் மகனைப் பார்த்தாள். "இவன்தான் பாவம். ஓட்டு அன்னைக்குக் காலையில பிளாஸ்டரைப் பார்த்ததும் இவன் முகமே செத்துப்போச்சு. கால் வலியோட போவாதம்மா, ஒரு ஓட்டுல என்ன ஆகப்போவுதுன்னு கெஞ்சினான். எப்பவும் வண்டியில கூட்டிட்டுப் போறவன்."

பிரிஸில்லா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அந்தத் தெரு ஓட்டுப் போடக்கூடாதுன்னு நடந்த கேம்ப் இது. வெளியாள் டோக்கன் குடுத்திருந்தா ஒரு வீட்டையும் விட்டிருக்க மாட்டான். ஒரே ஒரு வீடு தப்பிச்சிருக்கு. ஏன்னா குடுத்தவனுக்கு அந்த வீட்டு மேல பாசம். அதையும் மீறி அந்த வீட்டம்மா விரல்ல பிளாஸ்டர். அதைப் பார்த்துப் பதறி, ஓட்டுக்கே போகாதேன்னு கெஞ்சினது யாரு?"

விக்கி உமேஷைத் திரும்பிப் பார்த்தான். உமேஷ் நாற்காலியிலிருந்து சரிந்து அம்மாவின் காலைப் பிடித்தான்.

"உனக்கு டோக்கன் தரலியேம்மா! நீ ஏம்மா போனே? வேலை வாங்கித் தரேன்னான் அந்தக் கட்சிக்காரன். நீ பிடிபடுவேன்னு நினைக்கவே இல்லம்மா."

சங்கமித்ரா அசையவில்லை. தன் மடியில் யாரோ முகம் புதைத்து அழுகிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"உமேஷ் சாட்சியா நாளைக்கு வாக்குமூலம் எழுதிக் குடுத்தா உங்க கேஸ் நிக்காது. கேம்ப் நடத்தினவனும் மாட்டுவான்" என்றாள் பிரிஸில்லா. "ஆனா இவனையும் பிடிப்பாங்க. அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

"இவன் பேரைச் சொல்லாம கேம்பை மட்டும் சொன்னா என்ன மேடம்?" விக்கிக்கே மனசு கேட்கவில்லை.

"தெருவுல ஒருத்தரும் சாட்சிக்கு வரமாட்டாங்க. யார் நம்புவாங்க?"

பெற்ற மனம் பித்து என்பார்கள். சங்கமித்ராவின் கை தன்னால் மகன் தலைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"அத்தனை பேர் ஓட்டையும் கெடுத்துட்டு, என் ஒருத்தியைக் காப்பாத்திக்கலாம்னு பார்த்தியாடா?"

அவள் தலை நிமிர்ந்தாள். குரல் ஒரே சீராக, ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் சொல்வதுபோல் வந்தது.

"எழுதிக்குங்க மேடம். பேரு உமேஷ். அப்பா பேரு அப்பாதுரை, அவர் இல்ல. அம்மா பேரு சங்கமித்ரா."