எழுபதுக்கு மேல்

பழைய பேருந்து நிலையத்தில் வன்மமானி கூவியதும் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினார்கள். யாரைக் காட்டியது என்று பார்க்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை. தையல்கடை யாக்கோபு மட்டும் கால் எழாமல் அங்கேயே நின்றார். திரையில் எழுபத்தாறு. ஐந்து நிமிடத்தில் அவர் கைகள் கட்டப்பட்டு வெள்ளை வேனுக்குள் கிடந்தார்.

எழுபதைத் தாண்டினால் உப்பளத்தில் ஒரு குண்டு. துறைமுக நகரில் இது எல்லோருக்கும் தெரியும். கொலைவெறி ஊறும் உடம்பு வியர்வையில் தனியொரு வேதிப்பொருளைக் கசியவிடுமாம். உள்ளங்கையளவுக் கருவி பத்தடி தூரத்திலேயே அதை முகர்ந்து எண்ணாகச் சொல்லிவிடும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரைக் காக்கக் கிளம்பிய தளவாய் ஏற்றுக்கொண்டார், துப்பாக்கியும் முகமூடியுமாக ஒரு குழுவும் சேர்த்தார்.

ஞானதுரை ஐஸ் ஆலை மெக்கானிக். அவன் தம்பியைத் துறைமுகக் கும்பல் ஒன்று வெட்டிக் கொன்றது. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு கரைந்துபோன வாரத்தில் அவன் குழுவில் சேர்ந்தான். முதலில் சிக்கிய ஒன்பது பேரிடமும் அரிவாள் இருந்தது. பத்தாவது ஆளிடம் இருந்தது சாப்பாட்டுத் தூக்கு. கும்பல்கள் ஊரைவிட்டே ஓடிப்போன பிறகும் மானி முன்பைவிட அதிகமாகக் கூவியது. ஞானதுரைக்குச் சந்தேகம் தட்டியது.

முந்தின நாள் அவன் முகமூடி இல்லாமல், மானியைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு மீன் சந்தையைச் சுற்றிவந்தான். சத்தமே இல்லை. அரைமணி கழித்து முகமூடியோடு அதே சந்தைக்கு வேனில் போனான். பதினேழு பேருக்குக் கூவியது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்திக்கு எண்பது.

உப்பளத்தில் உச்சிவெயில் கண்ணைக் கூச வைத்தது. யாக்கோபை மண்டிபோட வைத்திருந்தார்கள். இசக்கி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழைய லாரி டிரைவர். மானி சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்றான் ஞானதுரை தளவாயிடம். “இது வன்மத்த அளக்கல. பயத்த அளக்குது. நம்மளப் பாத்துப் பயப்படுதவன் எல்லாத்துக்கும் கத்துது.”

தளவாய் சிரித்தார். “தப்பு செய்யாதவன் எதுக்குல பயப்படணும்?”

“சந்தையில பாத்துட்டேன் அண்ணாச்சி. வேன் இல்லாமப் போனா ஒரு சத்தமும் இல்ல.”

சிரிப்பு நின்றது. தளவாய் மானியை அவன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினார். அது கூவியது. எண்பத்திரண்டு.

“தம்பி” என்று இசக்கி மெல்லச் சொன்னான். அவன் குரலில் வருத்தம் இருந்தது. துப்பாக்கி உயர்ந்தது.

ஞானதுரை யோசிக்கவில்லை. மானியைப் பிடுங்கித் தளவாயின் முகத்துக்கு நேரே பிடித்தான். கூவல் இன்னும் உச்சத்துக்குப் போனது. எண்பத்தெட்டு. தளவாய் இசக்கியின் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். தொண்ணூற்றொன்று.

“ஏல, அதக் கீழ போடு. எனக்கு எதுக்குல காட்டுத?” அவர் இரண்டடி பின்வாங்கினார். “இசக்கி, நான் தளவாய்ல. மெஷின் கெட்டுப்போச்சு.”

“மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி” என்றான் இசக்கி. ஒரே வெடி. தளவாய் உப்புக் குவியலின்மேல் சரிந்தார்.

ஞானதுரை மானியை வீசிவிட்டு ஓடி, யாக்கோபின் கட்டை அவிழ்க்கக் குனிந்தான். முடிச்சு இறுகியிருந்தது.

“ஓடிருங்க தம்பி, என்ன விட்டுருங்க” என்று யாக்கோபு அழுதார்.

முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. யாக்கோபு எழுந்து, விழுந்து, வரப்பில் ஓடினார். பின்னாலிருந்து இசக்கி மானியைத் துழாவி எடுக்கும் சத்தம் கேட்டது. ஞானதுரை திரும்பினான். இசக்கி கருவியைத் தன் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டுமே வரும். ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும்.

“தம்பி” என்றான் இசக்கி. முகம் வெளிறியிருந்தது. “எனக்குத் தொண்ணூத்தி நாலு காட்டுது. நான் யாரக் கொல்லப் போறேன்?”