இருபத்து நான்காவது துண்டு

துண்டுகளை ரெய்னியே தன் கையாலேயே மடித்து வைத்திருந்தான். அவன் கால் கழுவிவிட வேண்டிய துறவிகள் இருபத்து மூன்று பேர், ஆளுக்கு ஒன்று. கூடையைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்து எண்ணினால் இருபத்து நான்கு இருந்தது. அடியில் கிடந்த ஒன்று ஈரமாக இருந்தது.

மடத்தில் பேசும் அறையில் மட்டும்தான் வாய் திறக்கலாம். அங்கே போய் மூத்த துறவி ஒபேரிடம் கேட்டான்.

"யாரு சாமி கூட ஒண்ணு வச்சது?"

"எவ்ராருக்கா இருக்கும். செத்தவனுக்கு முப்பது நாள் பந்தியில தட்டு வைக்கிறோமே, ஒரு துண்டு வச்சா குறைஞ்சா போயிடுவோம்?" ஒபேர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "அதுக்கு நீ ஏன்டா பயப்படுற? அவன் கதவத் தட்டவே இல்லன்னுதானே சபையில சத்தியம் பண்ணின?"

"தட்டல சாமி."

"அப்ப போய்க் கழுவு."

பர்கண்டிக் காட்டில் அந்த மடம் தொடங்கியபோது ஆளுக்கொரு குடிசை. துறவிகள் நினைத்த இடத்துக்கு நடந்தார்கள், சந்தைக்கும் போனார்கள், அதற்கு மேலும் போனார்கள். பிறகு வந்த தலைவர் ஒருவர் கோயில், சாப்பாட்டுக்கூடம், படுக்கையறை, குற்றம் விசாரிக்கும் சபைக்கூடம் எல்லாவற்றையும் ஒரு முற்றத்தைச் சுற்றி நிறுத்தி, நான்கு தாழ்வாரங்களால் கோத்துவிட்டார். படிக்க, செபிக்க, செத்தால் புதைக்க, எதற்கும் கால் வெளியே போக வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், கூட இருப்பவனைப் பிடிக்காமல் போகும்வரை.

ரெய்னியேவுக்கு எவ்ராரைப் பிடிக்கவில்லை. இவன் மது திருடியதை எவ்ரார் சபையில் போட்டு உடைத்தான்; இவன் முதுகில் பிரம்பு விழுந்தது. பதிலுக்கு, வாசலில் எவ்ராரை ஒரு பெண்ணோடு பார்த்ததாக ரெய்னியே பொய் சொன்னான். மாலை மணிவரை முற்றத்துப் பனியில் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்று எவ்ராருக்குத் தண்டனை. எல்லாக் கதவுக்கும் உள்ளே தாழ். மணி அடித்ததும் நெருப்பு எரியும் அறையின் கதவை ரெய்னியே திறந்துவிட வேண்டும். மணி அடித்தது. மற்றவர்கள் கோயிலில் பாடிக்கொண்டிருந்தார்கள். இவன் கணப்பில் குளிர் காய்ந்தபடி எவ்ரார் கதவைத் தட்டுவதைக் கேட்டான். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்துவிட்டான். தட்டல் நின்றபோது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது.

அது நடந்து பதினோரு நாள். எவ்ராரை அதே முற்றத்தில்தான் புதைத்தார்கள்.

சனிக்கிழமைதோறும், அந்த வாரம் சமைத்து முடித்தவன் எல்லோர் காலையும் கழுவித் துடைத்து முத்தமிட வேண்டும்; இந்த வாரம் ரெய்னியேவின் முறை. கோயில் சுவரை ஒட்டிய கல் பெஞ்சில், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீரின் ஆவியும், நனைந்த கம்பளியின் வீச்சமும், வெடித்த குதிகால்களில் பூசிய பன்றிக்கொழுப்பின் நாற்றமும் முகத்தில் அடிக்க, கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் அவ்வப்போது கேட்க, ரெய்னியே முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து கழுவினான். ஒபேர் வேண்டுமென்றே அவன் விரல்களை மிதித்தார்.

இருபத்து மூன்றாவது ஆளும் முடிந்தது. நிம்மதியாக வெந்நீர்த் தொட்டியை இழுத்தான்.

அடுத்து இன்னொரு ஜோடிக் கால்.

நீலம் பாய்ந்த கால். இரண்டு விரல் கறுத்திருந்தது. நக இடுக்கில் மண்.

கத்தலாம். கத்தினால் நாளைக்குச் சபையில் கேட்பார்கள். யாருடைய கால் என்று கேட்பார்கள். தட்டினானா என்று கேட்பார்கள்.

ரெய்னியே வாயை மூடிக்கொண்டான். ஈரத் துண்டை எடுத்தான். கழுவினான். மண் போகவில்லை. தண்ணீர் ஆறியது. பிறகு குளிர்ந்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும். குனிந்தான். முத்தமிட்டான்.

உதடு ஒட்டிக்கொண்டது.

இழுத்தான். தோல் கிழிந்தது. வரவில்லை. கையை எடுக்கப் பார்த்தான். தொட்டியில் தண்ணீர் உறைந்திருந்தது, கையோடு.

மாலை மணி அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து, வரிசை கலையாமல், அவனைக் கடந்து கோயிலுக்குள் போனார்கள். கடைசியாகப் போன ஒபேர் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

தாழ் விழுந்தது.

உள்ளே பாட்டு தொடங்கியது. ரெய்னியே தொண்டைக்குள்ளேயே கத்தினான். முற்றத்தில் பனி பெய்ய ஆரம்பித்தது. பெஞ்சின் மேலிருந்து ஒரு கை இறங்கி வந்து, விரல்களை மடக்கி, அவன் உச்சந்தலையில், கதவைத் தட்டுவதுபோல, மெதுவாகத் தட்டத் தொடங்கியது.